நானூறு அடி

எங்கள் ஊரில் ஒரு ஆளிடம் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக் கேட்கலாம், கல்யாணமாகி இத்தனை நாளாகியும் ஏன் பிள்ளை இல்லை என்றுகூடக் கேட்கலாம். போர்வெல்லில் மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டாலும் உண்மை வராது. அறுநூறு அடியில் இறக்கியவர் முந்நூற்றைம்பது என்பார். எண்ணூறில் இறக்கியவர், "எங்கிட்டு, ஐந்நூறையே தாண்டல, ஒரே பாறை" என்று சலித்துக்கொள்வார். கேட்டவரும் அதை நம்புவதில்லை. மனசுக்குள் ஒரு இருநூறு, முந்நூறைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். உண்மையைச் சொல்லிவிட்டால் பக்கத்துக் காட்டுக்காரன் நம்மைவிட நூறு அடி கூடுதலாகப் போட்டு நம் தண்ணீரை அவன் பக்கம் இழுத்துக்கொள்வான். கறம்பக்குடிக்கு மேற்கே எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

எங்கள் மோட்டார் அறுநூற்று எண்பது அடியில் தொங்குகிறது. இது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அவர் கத்தாரில் லாரி ஓட்டுகிறார். அவர் ரூமில் ஆலங்குடிக்காரர் ஒருவர் இருப்பதால் போனில்கூட நாங்கள் அடிக்கணக்கு பேசியதில்லை. போர் போடும் ரிக் வண்டியை நான் வரவழைத்ததே பக்கத்துக் காட்டு அழகுமலை குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்த சமயம் பார்த்துத்தான். அழகுமலை என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன். வாய் நிறைய அண்ணி என்பான். ஆனால் ரிக் ஓடினால் வரப்பில் குத்தவைத்து எத்தனை ராடு இறங்குகிறது என்று எண்ணுகிற ரகம். மோட்டார்க் குழாயைக்கூட ஒரே நடையில் இறக்காமல் இரண்டு நடையாகத்தான் கொண்டுவந்தேன். மகள் அருணாவிடமும் சொல்லவில்லை. அப்போது அவள் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். கட்டிக்கொடுத்தால் இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண், அவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இந்த லட்சணத்தில் இருந்த ஊருக்குத்தான் கோபிநாத் தைவானிலிருந்து திரும்பி வந்தான்.

கோபி கீழத்தெரு ராமு மாமாவின் மகன். பதினைந்து வருஷம் அங்கே சிப் செய்கிற கம்பெனியில் இருந்தவன். எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் திரும்பி வந்தால் வீடு கட்டுவார்கள், மொய் விருந்து வைப்பார்கள், மறுபடியும் விமானம் ஏறிவிடுவார்கள். இவன் வீடும் கட்டவில்லை, விருந்தும் வைக்கவில்லை. பூட்டிக்கிடந்த முந்திரிக்கொட்டை ஷெட்டை எடுத்து, வெள்ளையடித்து, ஏசி மாட்டினான். படித்துவிட்டுச் சும்மா இருந்த எட்டுப் பெண்களை வேலைக்குச் சேர்த்தான். முந்திரி உடைத்த இடத்தில் அந்தப் பெண்கள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்து, போர் மோட்டாரில் மாட்டுகிற பொட்டி ஒன்றைச் செய்தார்கள். வாசலில் 'ஊத்துக்கண் சிஸ்டம்ஸ்' என்று போர்டு மாட்டினான். ஊர் அதைப் பொட்டிக் கம்பெனி என்றது.

அந்த எட்டுப் பேரில் என் மகளும் ஒருத்தி. சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்ப இருந்தவள், இங்கேயே வேலை வந்ததும் பையைப் பிரித்துவிட்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒரே பிள்ளை, அப்பனும் கடலுக்கு அந்தப் பக்கம். அவளும் போய்விட்டால் நானும் மல்லிகைச் செடியும்தான் பேசிக்கொள்ள வேண்டும். ஆனால் கோபி மேல் எனக்குத் துளியும் நம்பிக்கை வரவில்லை. நன்றாக இருந்தவன் ஏன் வந்தான்? விரட்டிவிட்டார்களா? அப்படி விரட்டாமல் வந்தான் என்றால் இன்னும் மோசம், ஏதோ கணக்கோடு வந்திருக்கிறான்.

கணக்கும் ஒருநாள் வீடு தேடி வந்தது. பொட்டியை எங்கள் ஊர் போர்களில் சும்மாவே மாட்டித் தருகிறேன் என்றான். சும்மா கொடுக்கிறவனைக் கண்டால் நான் இரண்டடி தள்ளியே நிற்பேன். சில வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பக்கம் நிலத்துக்கு அடியில் எரிவாயு எடுக்க வருகிறார்கள் என்று மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து போராடியவர்கள் நாங்கள். நானும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு தரைக்குள் எவன் எதை விட்டாலும் ஊரே எட்டிப் பார்க்கும். இவன் அடியில் இருக்கும் வாயுவைத்தான் மோப்பம் பிடிக்கிறான் என்றார்கள் சிலர். இலவசக் கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு மீட்டர் மாட்ட வழி பண்ணுகிறான் என்றார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டு சந்தேகமும் இருந்தது.

ஆனால் மகள் வேலை பார்க்கிற கம்பெனி. மாட்டமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கோபியும் அருணாவும் எங்கள் மோட்டார் கொட்டகைக்கு வந்தார்கள். அழகுமலை எதேச்சையாக வருவதுபோல் வரப்பில் வந்து நின்றான்.

"இது சத்தத்தை உள்ள அனுப்பும்க்கா. சத்தம் தண்ணியில பட்டு எவ்வளவு நேரத்துல திரும்பி வருதுன்னு பார்த்து, தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு ஒங்க போன்ல காட்டிரும்" என்றான் கோபி. "மோட்டார் ஓடஓடத் தண்ணி எறங்கும்ல? மோட்டார் கிட்ட வந்ததும் பொட்டியே நிப்பாட்டிரும். காத்தை இழுத்து மோட்டார் எரியாது."

"அடி வரைக்கும் தெரியுமா?" என்றேன்.

"தண்ணி மட்டம் மட்டும்தான் தெரியும். மோட்டார் எங்க தொங்குதுன்னு நீங்கதான் சொல்லணும். எத்தனை அடிங்க்கா?"

இப்படிப் பச்சையாகக் கேட்பான் என்று நான் நினைக்கவில்லை. வரப்பில் அழகுமலை காதைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"நானூறு" என்றேன்.

அருணா கையில் இருந்த டேப்லெட்டில் நானூறு என்று தட்டினாள். கோபி தலையாட்டினான். எனக்கே ஆச்சரியம். இந்த ஊரில் பிறந்தவன் ஒரு சிரிப்புச் சிரித்திருக்க வேண்டாமா? "சரிக்கா, நெசத்தைச் சொல்லுங்க" என்றிருக்க வேண்டாமா? ஒன்றும் இல்லை. சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போனான். அழகுமலை ஐந்நூறு என்றான். நான் மனசுக்குள் முந்நூறைக் கூட்டினேன், பிறகு அவன் அவ்வளவு செலவு பண்ணுகிறவன் இல்லை என்று நூறைக் குறைத்துக்கொண்டேன்.

மாசி வரை பிரச்சினை இல்லை. பங்குனியில் வெயில் ஏறியது. மல்லிகை மொட்டு விடுகிற நேரம், தண்ணீர் கேட்கிற நேரம். காலையில் மோட்டாரைப் போட்டால் பாதிக் காடு பாய்வதற்குள் படக்கென்று நின்றுவிடும். கரண்ட் இருக்கும், மோட்டார் ஓடாது. பொட்டியில் சிவப்பு விளக்கு எரியும். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடி நிற்கும். மேலக்காட்டுக் குழந்தைசாமிக்கும் இதே கதை. ராமு மாமாவுக்கும் இதே கதை. பெற்ற அப்பன் மோட்டாரையே நிறுத்துகிறான் என்றால் இவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பூக்கடையில், பால் ஊற்றுகிற இடத்தில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. சுவிட்சு அவன் கையில் இருக்கிறது. ஷெட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்று அவன் முடிவு பண்ணுகிறான். காடு காய்ந்தால் விற்போம், விற்றால் யாரோ வாங்குவார்கள், அந்த யாரோதான் இவனுக்குப் பணம் கொடுக்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கும் எல்லாம் பொருந்தி வருவதுபோல் இருந்தது.

சாப்பாடு போடும்போது அருணாவைக் குடைந்தேன்.

"ஒங்க ஷெட்டுல இருந்து தைவானுக்கு என்னடி அனுப்புறீங்க?"

"ஒண்ணும் அனுப்பலம்மா."

"அப்ப அந்தக் கணக்கெல்லாம் எங்கதான் போகுது?"

"கம்பெனி கணக்கை வெளியில பேசக்கூடாதும்மா. சோத்தைப் போடு."

பெற்ற தாயிடம் பேசக்கூடாதாம். அவளையும் மாற்றிவிட்டான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கே அவளுக்கு ஒரு போன் வந்தது. வாசலுக்குப் போய் மெல்லப் பேசினாள். யார் என்று கேட்டதற்கு, "கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிம்மா, வேலைக்கு வாரியான்னாங்க, வரலன்னுட்டேன்" என்றாள். நான் அதையும் நம்பவில்லை. போகப்போகிறாள், என்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

பெங்களூரிலிருந்து கம்பெனிக்குப் பணம் போடுகிறவர்கள் அடுத்த வாரம் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் கிளம்பிவிட்டது. அவர்கள் வரும்போது பொட்டி ஒழுங்காக ஓடாவிட்டால் கோபி ஷெட்டை மூட வேண்டியதுதான் என்று ராமு மாமாவே புலம்பியிருந்தார். நாங்கள் முப்பது பேர் காலையிலேயே ஷெட்டுக்குப் போனோம். குழந்தைசாமி பொட்டியைக் கழற்றி உரச்சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கோபியின் மேஜை மேல் கொட்டினான்.

"ஒன் பொட்டியை நீயே வச்சுக்கய்யா. எங்க தண்ணிய நிப்பாட்ட நீ யாரு?"

"நான் நிப்பாட்டலண்ணே. தண்ணி மோட்டார்கிட்ட வந்துட்டா அதுவா நிக்கும்."

"மோட்டார் முழுகித்தான கெடக்கு, அப்பறம் ஏன் நிக்குது?" என்றான் அழகுமலை. "சுவிட்சு ஒங்க கையில இருக்கு கோபி. யாருக்காக நிப்பாட்டுறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

கோபியின் முகம் கறுத்துவிட்டது. பல நாளாகத் தூங்காதவன்போல் இருந்தான். "இதே பொட்டி குன்றாண்டார்கோவில் பக்கம் இருபது போர்ல ஓடுது. ஒரு கம்ப்ளைன்ட் கிடையாது. அதெல்லாம் புதுப் போர், மோட்டார் எறக்குறப்ப நானே பக்கத்துல நின்னேன். இங்க மட்டும் கெட்டுப்போகுதுன்னா பொட்டியில கோளாறு இல்ல. செட்டிங்ல யாரோ கை வச்சிருக்காங்க." சட்டென்று திரும்பினான். "அருணா, இந்த ஊர் செட்டிங் எல்லாம் நீதான போட்டே?"

"ஆமா சார். அவங்க சொன்னதைத்தான் போட்டேன்." வீட்டில் அவன் மாமா, ஷெட்டில் சார்.

"கோயமுத்தூர்ல நம்ம மாதிரியே பண்றாங்க, அந்தக் கம்பெனியில இருந்து ஒனக்குப் போன் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சார். வரலன்னு சொல்லிட்டேன்."

"பெங்களூர்க்காரங்க வாரதுக்கு மொத வாரம் பாத்து நம்ம பொட்டி ஊர் பூரா நிக்குது. நான் என்னன்னு நெனைக்கிறது? போனை இங்க வை. ஷெட் சாவியையும் வச்சிட்டு வீட்டுக்குப் போ."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "அதான பாத்தேன், உள்ளுக்குள்ளயே ஆள் இருக்கு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அருணா போனை மேஜையில் வைத்தாள். சாவியை வளையத்திலிருந்து கழற்றப் பார்த்தாள். மற்ற ஏழு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவங்க சொன்னதைத்தான் போட்டேன். அந்த வார்த்தை அப்போதுதான் என் மண்டைக்குள் இறங்கியது. நானூறு என்று சொன்னேன். பொட்டிக்குக் கூட்டிக்கொள்ளத் தெரியுமா? தண்ணீர் நானூறுக்குக் கிட்டே வந்ததும், மோட்டார் எரிந்துவிடும் என்று அது பயந்து நிறுத்துகிறது. மோட்டாரோ இன்னும் இருநூற்றெண்பது அடி கீழே தண்ணீரில் சுகமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. சுற்றிப் பார்த்தேன். முப்பது பேர். நிறையப் பேருக்கு அந்த நிமிஷம் அது புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? குழந்தைசாமி ஏசியை அண்ணாந்து பார்த்தான். ராமு மாமா துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தால் என் காடு போச்சு. இரண்டு ஏக்கர் மல்லிகை, அதை வைத்துத்தான் அடுப்பு எரிகிறது. அழகுமலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான், நாளைக்கே ரிக் வண்டியைக் கூப்பிடுவான். திறக்காவிட்டால் என் பிள்ளை திருடி என்ற பட்டத்தோடு வீட்டுக்கு வருவாள். பிறகு கோயமுத்தூர் என்ன, எந்த ஊரும் அவளுக்கு வேலை தராது. அருணா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அம்மா பொய் சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"சாவியைக் கழட்டாதடி" என்றேன். "கோபி, என் மோட்டார் நானூறுல இல்ல. அறுநூத்தி எம்பதுல கெடக்கு."



"அக்கா, அன்னைக்கு நானூறுன்னு..."

"சொன்னேன். இந்த ஊர்ல எவன் நெசத்தைச் சொல்லுவான்? நீ இங்கதான பொறந்தே? சொன்னதுல ரெண்டு நூறு கூட்டிக்கணும்னு ஒனக்குத் தெரியாது? பதினஞ்சு வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்து, சொன்னதை அப்படியே பொட்டியில ஏத்துனா அது நிக்காம என்ன பண்ணும்?" அருணா பக்கம் கையைக் காட்டினேன். "எம் மவ மேல எல்லாரு முன்னாடியும் பழி போட்டீல்ல? எல்லாரு முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேளு."

கோபி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, "தப்புத்தான் அருணா. மன்னிச்சிரு" என்று போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அப்படியே அவன் கண் ராமு மாமாவிடம் போனது.

"ஏப்பா, நீங்க சொன்ன முந்நூத்தம்பது?"

"ஊரே சுத்தி நிக்கறப்ப கேட்டா நான் என்னப்பா சொல்லுவேன்?" என்றார் ராமு மாமா.

யாரோ சிரித்தார்கள். கூட்டம் அதோடு கலைந்தது. நான் சிரிக்கவில்லை. நான் அழகுமலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுநூற்று எண்பது என்று நான் சொன்னபோது அவன் முகத்தில் ஆச்சரியம் ஒரு சொட்டுக்கூட இல்லை. முந்தாநாள் செய்தியைக் கேட்பவன்போல் நின்றான். போகும்போது, "நல்லாச் சொன்னீங்கண்ணி" என்றுவிட்டுப் போனான்.

ஊரில் வேறு ஒருவரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சில நாள் ஷெட்டின் பின்பக்கக் கதவு ஓயவில்லை. ஒருவர் வந்து போன பிறகு இன்னொருவர். அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு உள்ளே நுழைவார்கள், அருணாவிடம் காதோடு காதாக ஒரு நம்பரைச் சொல்வார்கள், "யார்ட்டயும் சொல்லிராதத்தா" என்றுவிட்டு முந்திரிக் காட்டு வழியாகத் திரும்பிப்போவார்கள். கோபி இந்த வேலைக்கு அவளையே உட்கார வைத்தான். பழியைத் தாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவளிடம்தான் ஊர் சொல்லும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அழகுமலையும் பின்பக்கம் போனதை நானே பார்த்தேன். பெங்களூர்க்காரர்கள் வந்த அன்று ஊரில் ஒரு மோட்டார்கூடத் தப்பாக நிற்கவில்லை. ஷெட் பிழைத்தது. என் மகள் வீட்டில் இருக்கிறாள்.

என் மல்லிகையும் முழுசாகப் பாய்ந்தது. இப்போது போனில் என் போரின் தண்ணீர் மட்டம் ஒரு நீலக் கோடாகத் தெரியும். பொழுதன்றைக்கும் அதைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பார்க்கப் பார்க்கத்தான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. தினமும் காலை பத்து மணிக்கு என் மோட்டாரை நிறுத்துகிறேன். நிறுத்தினால் கோடு ஏற வேண்டும். அது ஏறாமல் இறங்குகிறது. பத்து மணிக்குப் பிறகு பக்கத்தில் ஓடுகிற ஒரே மோட்டார் அழகுமலையுடையது.

அன்றைக்கு அவன் ஏன் ஆச்சரியப்படவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் என் அடியைத் தெரிந்துகொண்டு, என்னைவிட ஆழத்தில் இறக்கிவிட்டான். எப்போது, எந்தத் திருவிழாவுக்கு நான் போயிருந்தபோது, தெரியாது. இத்தனை வருஷம் நான் பெற்ற பிள்ளையிடம்கூட மறைத்து மறைத்துக் காத்தது ஒன்றுமே இல்லை. அவன் கீழே உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறான்.

அருணாவை மோட்டார் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு வந்து கோட்டைக் காட்டினேன்.

"அழகுமலை ஒன்கிட்ட எவ்வளவுன்னு சொன்னான்?"

"அதைச் சொல்லக்கூடாதும்மா."

"நம்ம தண்ணிய இழுக்குறான்டி. ஒரு நம்பரைச் சொல்லு, போதும். நான் அதுக்குக் கீழ எறக்கிக்கிறேன்."

"இழுக்குறது யாருன்னு நான் சொல்லல. நம்ம போர்ல தண்ணி எறங்குது, அது எனக்கும் தெரியுது. ரெண்டு வீடும் முறை வச்சு ஓட்டுனா ஏறும். அதை நான் ரெண்டு பேர்கிட்டயும் பேசுறேன். ஆனா நம்பரு வராது."

"ஒன் பேரைக் காப்பாத்தத்தான்டி ஊரு முன்னாடி என் அடியைச் சொன்னேன்!"

"அதனாலதான்ம்மா இப்ப எல்லாரும் என்னைய நம்பிச் சொல்றாங்க."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கூடவே, வெட்கம்கெட்ட மனசு, ஒரு பெருமையும் வந்தது. இந்த ஊரில் ஒரு நம்பரை வெளியே விடாத ஆள் என் வயிற்றில்தான் பிறந்திருக்கிறது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "என் அடியைச் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் பூட்டி வச்சிருப்பியாக்கும்?" என்று எகத்தாளமாகக் கேட்டேன்.

அருணா ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"வச்சிருப்பேன்ம்மா. நீ என்கிட்ட சொல்லியிருந்தா."